ஆண்-பெண் சம்பள இடைவெளி: வழக்கமும் சட்டமும் சேர்ந்து செய்வது

பள்ளியிலிருந்து ஒரு போன் வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் அப்பா எண், அம்மா எண் இரண்டுமே இருக்கின்றன. போன் யாருக்குப் போகும்?

பதில் உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தே பார்த்தார்கள். கற்பனையான ஒரு தம்பதியின் பெயரில் 80,000-க்கும் மேற்பட்ட பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் போனது. ‘பிள்ளைக்குப் பள்ளி தேடிக்கொண்டிருக்கிறோம், எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச முடியுமா’ என்று கேட்டு இருவருடைய எண்ணையும் கொடுத்திருந்தார்கள். திரும்பக் கூப்பிட்டவர்கள் அப்பாவைப் போல 1.4 மடங்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். ‘அப்பாவுக்குத்தான் நேரம் இருக்கிறது’ என்று தெளிவாக எழுதி அனுப்பியபோதுகூட, அம்மாவையே கூப்பிட்டவர்கள் இருந்தார்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு எதற்கு இந்தப் போன் கதை? காரணம் இருக்கிறது. ஆண்-பெண் சம்பள இடைவெளி என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. ‘ஒரே வேலையைச் செய்தாலும் பெண் என்றால் குறைத்துக் கொடுக்கிறார்கள்’ என்கிறது ஒன்று. ‘அப்படியெல்லாம் இல்லை, பெண்கள் குறைந்த நேரம் வேலை பார்க்கிறார்கள், சுலபமான வேலையாகப் பார்த்து எடுக்கிறார்கள், அது அவரவர் விருப்பம்’ என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இடைவெளியின் பெரும்பகுதி எங்கே உண்டாகிறதோ அந்த இடத்தை இரண்டு கட்சியுமே தாண்டிப் போய்விடுகின்றன. அந்தப் போன் மணி அடிக்கும் இடம் அது.

அந்த எண் எதைச் சொல்கிறது?

ஒரு நாட்டில் முழுநேர வேலை பார்க்கும் ஆண்கள் எல்லாரையும் சம்பள வரிசைப்படி நிற்க வையுங்கள். சரியாக நடுவில் நிற்பவரைத் தனியே கூப்பிடுங்கள். பெண்களையும் அதேபோல நிற்க வைத்து நடுவில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். அந்த ஆண் 100 வாங்கும்போது அந்தப் பெண் 88 வாங்கினால், நடுவில் இருக்கும் 12-தான் ஊதிய இடைவெளி. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓஇசிடி அமைப்பின் சராசரி அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. அந்த அமைப்பில் மிக மோசமான இடத்தில் இருப்பது தென் கொரியா, அங்கே இடைவெளி 30-ஐ ஒட்டி வருகிறது.

இந்தக் கணக்கு ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை ஒப்பிடுவதில்லை. மருத்துவர், எழுத்தர், ஓட்டுநர், ஆசிரியர் என்று எல்லாரையும் கலந்து பார்ப்பது. அதனால் ஆய்வாளர்கள் அடுத்த படியாக இன்னொரு எண்ணை எடுக்கிறார்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே அனுபவம், ஒரே வேலை நேரம் உள்ள ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒப்பிட்டால் மிஞ்சும் வித்தியாசம், அதுதான் சரிசெய்த இடைவெளி. அது முதல் எண்ணைவிடப் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். பூஜ்யமாக இருப்பது அரிது.

இங்கேதான் விவாதம் தடம் மாறுகிறது. ‘பாருங்கள், சரிசெய்தால் குறைந்துவிடுகிறது, ஆகவே பிரச்சினையே இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். கடைமடை வயலில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் சொல்கிறார். போய்ப் பார்த்தால் மேலே ஒரு மடை திறந்து கிடக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது, சரி. அதற்காக வயல் நனைந்துவிட்டதாகச் சொல்ல முடியுமா? அனுபவம் குறைவு, வேலை நேரம் குறைவு என்பதெல்லாம் அந்த மடை மாதிரி. அது ஏன் திறந்தது, யார் திறந்தது என்று கேட்டாக வேண்டும்.

இந்த எண்ணைப் படிக்கும்போது ஏமாறக்கூடிய ஓர் இடமும் உண்டு. இத்தாலியில் ஊதிய இடைவெளி ஐரோப்பிய நாடுகளிலேயே குறைவான பக்கம் இருக்கிறது. உடனே பெண்கள் அங்கே நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதமும் அங்கே குறைவு. குறைந்த சம்பளம்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் பெண்கள் பலர் வேலைக்கே வராமல் நின்றுவிடுவதால், நல்ல சம்பளக்காரர்கள் மட்டும் கணக்கில் மிஞ்சுகிறார்கள். சல்லடையில் சலித்த பிறகு எடை போடுவது போல. ஊதிய இடைவெளியைப் பார்க்கும்போது எத்தனை பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது: ஊதிய இடைவெளி என்பது எல்லாரையும் கலந்து எடுத்த ஒப்பீடு. வேலை, நேரம், அனுபவம் மூன்றையும் சமமாக்கினால் சுருங்கும். ஆனால் அந்த மூன்றும் ஏன் சமமாக இல்லை என்பதுதான் உண்மையான கேள்வி.

இரண்டு கோடுகள் பிரியும் இடம்

சம்பளத்தை ஆண்டுவாரியாக ஒரு கோடாக வரைந்து பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்பிஏ முடித்தவர்களை மரியான் பெர்ட்ராண்ட், கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் பின்தொடர்ந்தார்கள், 2010-ல் வெளியான ஆய்வு அது. படிப்பு முடித்து முதல் வேலையில் சேரும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே சம்பளம். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் ஆண்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதிக்குக் காரணம், நடுவில் விட்ட வேலை, குறைத்துக்கொண்ட நேரம். அதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் பிள்ளை. கோல்டினுக்கு 2023-ல் பொருளியலுக்கான நோபல் கிடைத்தது. அந்தப் பரிசை வேறு யாரோடும் பகிராமல் வாங்கிய முதல் பெண் அவர். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளின் பதிவுகளைத் தோண்டி, பெண்களின் வேலையும் சம்பளமும் எப்படி மாறி வந்தன என்று காட்டியவர்.

டென்மார்க்கில் இன்னும் துல்லியமாகப் பார்க்க முடிந்தது. அங்கே அரசிடம் எல்லாருடைய வருமானப் பதிவும் இருக்கிறது. பொருளியலாளர் ஹென்ரிக் கிளெவனும் அவருடன் சேர்ந்தவர்களும் முதல் பிள்ளை பிறந்த ஆண்டை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தாய், தந்தை இருவருடைய வருமானமும் எப்படிப் போகிறது என்று வரைந்தார்கள். பிள்ளைக்கு முன்னால் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. பிள்ளை பிறந்ததும் தாயின் கோடு 30 சதவீதம் போல விழுகிறது. கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்புவதே இல்லை, பத்து இருபது ஆண்டு கழித்தும் 20 சதவீதம் கீழேதான் நிற்கிறது. தந்தையின் கோடு? ஒன்றுமே நடக்காதது போல நேராகப் போகிறது. ஒரே வீட்டில், ஒரே பிள்ளைக்குப் பெற்றோரான இரண்டு பேர்! இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிறந்ததால் தந்தையோடு ஒப்பிடத் தாய் இழக்கும் இந்த வருமானத்தைத் தாய்மை அபராதம் என்று சொல்லலாம். வேலையை விட்டுவிடுவது, நேரம் குறைவது, மணிக்கான சம்பளம் குறைவது என்ற மூன்றும் இதில் சேர்ந்திருக்கின்றன. டென்மார்க், சுவீடன் இரண்டிலும் இது நீண்டகாலத்தில் 21 முதல் 26 சதவீதம். பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் 31 முதல் 44 சதவீதம். ஆஸ்திரியா, ஜெர்மனி என்று வரும்போது 51 முதல் 61 சதவீதம். எல்லாமே வசதியான நாடுகள், எல்லாவற்றிலும் சம ஊதியச் சட்டம் உண்டு (அமெரிக்காவில் 1963 முதல், பிரிட்டனில் 1970-ல் இயற்றியது). அப்படியிருந்தும் அபராதம் மட்டும் ஒரு நாட்டில் இன்னொன்றைப் போல மூன்று மடங்கு.

உடம்பு காரணமா?

பெற்றவள் அவள், பாலூட்டுபவள் அவள், அதனால் இழப்பு இயற்கையாகவே அவளுக்கு என்ற விளக்கம் எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான். தப்பில்லை, சோதித்துப் பார்க்க வேண்டிய விளக்கம். சோதித்தும் பார்த்தார்கள். டென்மார்க்கில் பிள்ளையைத் தத்தெடுத்த குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். இங்கே கர்ப்பம் இல்லை, பிரசவம் இல்லை, பாலூட்டலும் இல்லை. இருந்தும் தத்தெடுத்த தாயின் நீண்டகால இழப்பு பெற்ற தாயின் இழப்பைப் போலவே இருந்தது.

நார்வேயில் பெண்ணும் பெண்ணும் இணையராக வாழும் குடும்பங்களைப் பார்த்தார்கள். அங்கே பெற்றவருக்கு முதலில் ஓர் இறக்கம் இருக்கிறது, அது உடம்பின் பங்கு. சில ஆண்டுகளில் அவர் மீண்டு மற்றவரோடு சேர்ந்துகொள்கிறார். அப்புறம் இருவருக்கும் நடுவில் பெரிய இடைவெளி நிற்பதில்லை. ஆணும் பெண்ணும் இணைந்த குடும்பத்தில்தான் அந்த இறக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

ஆக, முதல் சில மாதங்களுக்கு உடம்பு காரணம். அதற்கப்புறம் வரும் இருபது ஆண்டுக்கு வேறு ஏதோ காரணம்.

அந்த ‘நாலு பேர்’

அது என்ன என்பதற்குத் தமிழில் அருமையான சொல் கைவசம் இருக்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ சமூக நெறி என்று புத்தகத்தில் எழுதுவது இதைத்தான். எந்தச் சட்டத்திலும் எழுதியிராத விதி. மீறினால் அபராதம் கிடையாது, சிறை கிடையாது, ஒரு பார்வை, ஒரு கேள்வி, ஒரு மௌனம் மட்டும்தான். அது போதுமானதாக இருக்கிறது.

ஜெர்மன் மொழியில் ‘ராபென்முட்டர்’ என்று ஒரு வசவு உண்டு, ‘அண்டங்காக்கைத் தாய்’ என்று பொருள். குஞ்சைக் கூட்டில் போட்டுவிட்டுப் பறந்துவிடுபவள் என்ற அர்த்தத்தில், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயை அப்படிச் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். ஒரே பறவை, ஒரு மொழியில் தாய்ப்பாசத்துக்கு அடையாளம், இன்னொன்றில் பாசமில்லாதவளுக்கு அடையாளம். வழக்கம் என்பது எவ்வளவு தூரம் மனிதர்கள் கட்டிக்கொண்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்படி வேலைக்குப் போகும் தந்தையைத் திட்ட ஜெர்மனில் இதே அளவுக்குப் புழங்கும் சொல் இல்லை.

வழக்கம் உண்மையிலேயே சம்பளத்தைத் தொடுகிறதா, இல்லை சும்மா பேச்சா என்று கேட்பவர்களுக்கு நான் ஜெர்மனியைத்தான் காட்டுவேன். நாற்பது ஆண்டு ஒரே மக்கள் இரண்டு நாடாகப் பிரிந்திருந்தார்கள். கிழக்கில் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே காப்பகம், தாய் முழுநேரம் வேலைக்குப் போவதுதான் வழக்கம். மேற்கில் தாய் வீட்டில் இருப்பதுதான் வழக்கம். 1990-ல் ஒன்றானார்கள், ஒரே சட்டம், ஒரே வரி, ஒரே விடுப்பு. ஆனால் அதற்குப் பிறகும் கிழக்கில் வளர்ந்த பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறார்கள், மேற்கில் போய்க் குடியேறியவர்கள்கூட. அவர்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த மேற்குப் பெண்களும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்று காட்டும் ஆய்வும் உண்டு. சட்டம் ஒரே நாளில் மாறிவிட்டது, வழக்கம் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு கூடவே வந்தது, வந்த இடத்தில் பக்கத்து மேசைக்கும் தொற்றியது.

வழக்கம் வீட்டுக்குள்ளேயும் கைமாறுகிறது. டென்மார்க் பதிவுகளில், தன் தாய் குறைவாக வேலை பார்த்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, பின்னாளில் தாய்மை அபராதம் கூடுதலாக இருந்தது. எதிர்ப்பக்கம், அதாவது வேலை கொடுப்பவர் மனத்திலும் அதே விதிதான் ஓடுகிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தகுதி எல்லாம் சமமாக உள்ள விண்ணப்பங்களைத் தயாரித்து, ஒன்றில் மட்டும் பிள்ளை இருப்பது தெரியும்படி ஒரு வரி சேர்த்தார்கள். தாய் என்று தெரிந்ததும் கொடுக்கலாம் என்று சொன்ன சம்பளம் குறைந்தது, வேலையில் ஈடுபாடு குறைவாக இருக்கும் என்று நினைத்தார்கள். தந்தை என்று தெரிந்தபோது அப்படி ஒரு குறையும் வரவில்லை. இது நேரடியான பாகுபாடு. முதல் கட்சிக்காரர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பேராசை பிடித்த வேலைகள்

சரி, நாலு பேர் சொல்வதால் தாய் கொஞ்சம் நேரம் குறைத்துக்கொள்கிறாள். நேரம் 20 சதவீதம் குறைந்தால் சம்பளமும் 20 சதவீதம்தானே குறைய வேண்டும்? அப்படி நடப்பதில்லை. கோல்டின் அழுத்திச் சொன்ன விஷயம் இது.

சில வேலைகளில் வாரம் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 60 மணி நேரம் உழைப்பவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கிடைப்பதில்லை, இரண்டு மடங்குக்கு மேலேகூடக் கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும், நாளைக்கே ஊருக்குக் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும். வழக்கறிஞர் நிறுவனங்கள், நிதித்துறை, ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் இந்த வகை. ஆளின் முழு நேரத்தையும் கேட்பதால் இவற்றைப் பேராசை வேலைகள் என்று அழைக்கிறார்கள்.

இப்போது ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள், இருவருக்கும் சம்பளம் 100. பிள்ளை பிறக்கிறது. பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். இருவரும் பேராசை வேலையை எடுத்தால் ஆளுக்கு 160 வரும், ஆனால் பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்க ஆள் இல்லை. இருவருமே நிதானமான வேலைக்குப் போனால் ஆளுக்கு 100, மொத்தம் 200. ஒருவர் பேராசை வேலை, ஒருவர் நிதானமான வேலை என்றால் மொத்தம் 260. மூன்றாவதுதான் வீட்டுக்கு லாபம். இருவரும் மனமொத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யார் 160, யார் 100 என்று வரும்போது அந்தக் கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்பதே இல்லை. பதில் ஏற்கெனவே அந்த அறையில் இருக்கிறது. விருப்பம் என்று இரண்டாவது கட்சி சொல்வது இதைத்தான்.

இதற்கு எதிர்மாதிரியான வேலையும் உண்டு. அமெரிக்காவில் மருந்தாளுநர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சொந்தமாகக் கடை வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெரிய சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் வந்தன, மருந்து விவரமெல்லாம் கணினியில் ஏறியது, ஒரு மருந்தாளுநர் செய்வதை இன்னொருவர் அப்படியே தொடர முடிந்தது. அதனால் பகுதிநேரம் பார்ப்பவருக்கும் மணிக்கான சம்பளம் அதிகம் குறைவதில்லை. நல்ல சம்பளமுள்ள தொழில்களில் ஆண்-பெண் இடைவெளி மிகக் குறைந்தவற்றில் அதுவும் ஒன்று ஆகிவிட்டது. பெண்களுக்கென்று சட்டம் போட்டு அது நடக்கவில்லை. வேலையின் அமைப்பு மாறியது, அவ்வளவுதான்.

சுருக்கிச் சொன்னால், பிள்ளைக்கு யார் ஓடுவது என்பதை வழக்கம் முடிவு செய்கிறது. அப்படி ஓடுவதற்கு எவ்வளவு விலை என்பதை வேலையின் அமைப்பு முடிவு செய்கிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது சட்டம்.

குடும்பக் கொள்கை என்னும் மூன்றாம் கை

பிள்ளை வளர்ப்பையும் வேலையையும் தொடுகிற அரசு விதிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் குடும்பக் கொள்கை என்று சொல்கிறோம். பிரசவ விடுப்பு, பெற்றோர் விடுப்பு, குழந்தைக் காப்பகம், வரி ஆகியவை இதில் முக்கியம்.

விடுப்பில் நீளம் மட்டும் பார்த்தால் போதாது. விடுப்பே இல்லையென்றால் பெண் வேலையை விட்டுவிடுவாள், திரும்ப வரும்போது அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சில மாத விடுப்பு அவளைப் பழைய வேலையோடு கட்டி வைக்கிறது, நல்லது. அதுவே இரண்டு மூன்று ஆண்டு என்று நீண்டு, எடுப்பவர் தாய் மட்டும் என்றும் ஆகிவிட்டால், அனுபவம் போகிறது, பதவி உயர்வு போகிறது, வேலை கொடுப்பவரும் இளம்பெண் என்றாலே யோசிக்கத் தொடங்குகிறார்.

விடுப்புக்காலச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி, பலர் கவனிக்காதது. அரசோ சமூகக் காப்பீடோ கொடுத்தால் செலவு எல்லார் தலையிலும் பரவுகிறது. அந்தந்த முதலாளியே கொடுக்க வேண்டும் என்றால், பெண்ணை வேலைக்கு எடுப்பதே அவருக்குக் கூடுதல் செலவாகத் தெரியும். இந்தியாவில் 2017-ல் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு (இஎஸ்ஐ) வெளியே இருப்பவர்களின் செலவு முதலாளி மேல்தான் விழுந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனித்தனி முதலாளி தலையில் நேரடியாகக் கட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். பெண்ணுக்கு உதவ வந்த சட்டம் பெண்ணின் வேலைக்கே தடையாகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விடுப்பு வேண்டும், கட்டாயம் வேண்டும், பணம் வரும் வழி மாற வேண்டும்.

வரி சத்தமே இல்லாமல் வேலை செய்யும். ஜெர்மனியில் 1958 முதல் கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டி, இரண்டாகப் பிரித்து, அதன்மேல் வரி கணக்கிடுகிறார்கள். இதுதான் இணைந்த வரி. கணவர் 100, மனைவி ஒன்றும் சம்பாதிக்கவில்லை என்றால் ஆளுக்கு 50 என்று வைத்து வரி போடுவார்கள், வருமானம் கூடக்கூட விகிதமும் கூடும் வரியில் இது பெரிய சலுகை. இப்போது மனைவி வேலைக்குப் போய் 40 சம்பாதித்தால் அந்தச் சலுகை கரையத் தொடங்கும். அவள் சம்பாதித்த முதல் காசே உயர்ந்த விகிதத்தில் வரி கட்டியது போல ஆகிவிடும். தனித்தனி வரி என்றால் அவளுடைய 40-க்கு வரியின் கீழ்ப்படியிலிருந்து கணக்குத் தொடங்கும், கையில் நிற்பது கூடுதல். சுவீடன் 1971-ல் தனித்தனி வரிக்கு மாறியது. ஜெர்மனி மாறவில்லை. முன்னே சொன்ன அபராதக் கணக்கில் அந்த இரண்டு நாடுகளும் எங்கெங்கே நின்றன என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இதற்கு வரி மட்டும் காரணமில்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் தம்பதிக்கு ‘நீ போய் என்ன மிஞ்சப்போகிறது’ என்ற பேச்சை எடுத்துக்கொடுப்பது இந்த விதிதான்.

சட்டம் இருந்தும் நகராத இடங்கள்

அப்படியென்றால் நல்ல சட்டம் போட்டால் இடைவெளி மூடிவிடுமா? ஆஸ்திரியாவில் பெற்றோர் விடுப்பு பலமுறை நீண்டது, சுருங்கியது, காப்பகங்களும் பெருகின. அறுபது ஆண்டுக் காலத்தின் இந்த மாற்றங்களை வைத்து, ஒவ்வொன்றும் தாய்மை அபராதத்தை எவ்வளவு குறைத்தது என்று கிளெவன் குழுவினர் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனக்கு இது ஏமாற்றமான முடிவுதான், ஆனாலும் மறைக்கக் கூடாது. காப்பகம் திறந்திருக்கிறது, ‘மூன்று வயதுக்குள் பிள்ளையை அங்கே விடுபவள் தாயா’ என்ற பேச்சும் கூடவே இருக்கிறது என்றால், காப்பகக் கதவு மட்டும் என்ன செய்யும்?

ஜப்பானில் தந்தைக்கு ஓராண்டு வரை விடுப்பு உண்டு, நல்ல தொகையும் உண்டு. காகிதத்தில் உலகத்திலேயே தாராளமான விதிகளில் ஒன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. 2015-ல் தகுதியுள்ள தந்தையரில் 100-க்கு 3 பேர்கூட அதை எடுக்கவில்லை. இதில் மனத்தைத் தொட்ட விஷயம், ஜப்பானிய ஆண்களிடம் தனித்தனியாகக் கேட்டபோது, தந்தை விடுப்பு நல்லது என்று சொன்னவர்கள் நிறைய. ஆனால் ‘மற்ற ஆண்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்’ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்குப் பயந்து அடங்கியிருந்த ஒவ்வொருவரும் அந்த நாலு பேரில் ஒருவர். அப்புறம் 2022-ல் விதியை மாற்றினார்கள், பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்தால் நிறுவனமே ஊழியரைக் கூப்பிட்டு விடுப்பு வேண்டுமா என்று கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு முதல் பெரிய நிறுவனங்கள் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதை வெளியிடவும் வேண்டும். 2023 நிதியாண்டில் விகிதம் 30 சதவீதத்தைத் தொட்டது.

வழக்கம் எப்படி நகர்கிறது

சுவீடன் 1974-லேயே பெற்றோர் விடுப்பைத் தாய், தந்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆக்கியது. தொடக்கத்தில் மொத்த விடுப்பு நாட்களில் தந்தையர் எடுத்தது ஒரு சதவீதம்கூட இல்லை. ‘யார் வேண்டுமானாலும்’ என்று சொன்னால் அது தாய் என்றுதான் ஆகும். 1995-ல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்று ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அது தாய்க்குப் போகாது, குடும்பத்துக்கே இல்லாமல் போய்விடும். இதுதான் கைமாற்ற முடியாத விடுப்பு. 2002-ல் இரண்டு மாதம், 2016-ல் மூன்று மாதம் ஆனது. இப்போது 480 நாளில் 90 நாள் தாய்க்கு, 90 நாள் தந்தைக்கு என்று தனித்தனியே நிற்கிறது. தந்தையர் எடுக்கும் பங்கு ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ‘எனக்கு ஆசை’ என்று ஒரு தந்தை அலுவலகத்தில் சொல்வது கஷ்டம், ‘எடுக்காவிட்டால் வீணாகிவிடும்’ என்று சொல்வது சுலபம்.

இதுவும் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. அந்த 1995 மாற்றத்தை ஆராய்ந்தவர்கள், தந்தையர் விடுப்பு எடுத்தது உடனே கூடியது, ஆனால் பின்னாளில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது வேலைக்கு லீவு போட்டு வீட்டில் இருப்பதில் அவர்கள் பங்கு கூடவில்லை என்று கண்டார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2006-ல் தந்தைக்கென்று 5 வாரம் ஒதுக்கியபோது கிடைத்த முடிவு வேறு. பல ஆண்டு கழித்தும் அந்த வீடுகளில் தந்தையர் வீட்டுவேலையில் கூடுதல் நேரமும், தாய்மார் சம்பள வேலையில் கூடுதல் நேரமும் செலவிட்டார்கள்.

நார்வே 1993-ல் தந்தைக்கென்று 4 வாரம் ஒதுக்கியது. ஆய்வாளர்கள் விடுப்பு எடுத்த தந்தையரோடு நிறுத்தாமல், அவர்களைச் சுற்றியிருந்தவர்களையும் பார்த்தார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் அவருடைய சகோதரர் பின்னாளில் எடுக்கும் வாய்ப்பு 15 சதவீதப் புள்ளி கூடியது, கூட வேலை பார்ப்பவர் எடுக்கும் வாய்ப்பு 11 புள்ளி கூடியது. போனவர் திரும்பி வருகிறார், அவருடைய நாற்காலி அங்கேயே இருக்கிறது, சம்பளம் குறையவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரர் அடுத்த முறை தானும் விண்ணப்பம் போடுகிறார். விடுப்பு எடுத்தவர் சாதாரண ஊழியராக இல்லாமல் மேலதிகாரியாக இருந்தபோது, இந்தத் தாக்கம் இன்னும் பெரிதாக இருந்தது.